62 வயசுல அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போறாரு, நிறுத்தச் சொல்லலாமா?

பீளமேட்டுப்பையன் எழுதியது:

வணக்கம்ங்க, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. எங்கப்பாவுக்கு 62 ஆச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தாரு, 58ல ரிட்டையர்மென்ட் குடுத்து அனுப்பிட்டாங்க, பி.எஃப். பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம் வருது. கொஞ்ச காலம் வீட்ல இருந்தாரு, டிவில நியூஸு, அது முடிஞ்சா இன்னொரு சேனல்ல அதே நியூஸு, சாப்பாட்டுல உப்பு கம்மின்னாக்கூட அம்மா மேல எரிஞ்சு விழறதுன்னு போச்சு. அப்புறம் யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம ஏஜென்சில சேந்து அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு செக்யூரிட்டியா போக ஆரம்பிச்சிட்டாருங்க. 12 மணி நேர ஷிஃப்டு, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட்டு, பதிமூணாயிரம் சம்பளம்.

நான் பெங்களூர்ல ஐ.டி.ல இருக்கேன், மாசாமாசம் பணம் அனுப்பறேன், அவரு சம்பாரிச்சுத்தான் அடுப்பு எரியணும்னு ஒண்ணும் இல்ல. சொந்தக்காரங்க கல்யாண வீட்ல வெச்சு "பையன் பெங்களூர்ல கை நெறைய வாங்கறான், அப்பன் கேட்டைத் தொறந்து விட்டுட்டு நிக்கறான்"னு பேசறாங்க, எனக்கு அது ஒரு மாதிரி ஆயிருச்சு. சுகர் வேற இருக்கு, நைட் ஷிஃப்டு வாரத்துல கால் வீங்கிக்குது. ஆனா ஆளு முன்னைக்கு இப்ப கலகலப்பா இருக்காருங்கறதும் நெசம், ஃபோன் பண்ணா பி பிளாக்ல யாரு வீட்டு நாய் குட்டி போட்டுச்சுங்கறது வரைக்கும் சொல்றாரு, முன்னாடி "ம்ம், வெச்சரட்டுமா"தான்.

அம்மாவைப் பத்திக் கவலை இல்லைங்க, அவங்களுக்கு 57, வீட்லதான் இருக்காங்க, அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தச்சுக் குடுப்பாங்க. வொய்ஃபுக்கு 26 வார மெட்டர்னிட்டி லீவு முடியப்போகுது, ஜூன்ல அம்மாவைக் கூட்டிட்டு வந்து பாப்பாவைப் பாத்துக்கச் சொல்லலாம்னு இருக்கோம், அவங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும். அப்பாவும் வேலையை விட்டுட்டு வந்துட்டா எல்லாரும் ஒரே எடத்துல இருந்துக்கலாம். என் கேள்வி இதுதான், வயசான காலத்துல வேலைக்குப் போறது உண்மையிலயே ஒடம்புக்கும் மனசுக்கும் நல்லதா, இல்ல நம்மளா அப்படிச் சொல்லித் தேத்திக்கறமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஸ்ரீரங்கம்_ரிட்டையர்டு எழுதியது:

தம்பி, நான் பேங்க்ல இருந்து 60ல வெளிய வந்தவன். எனக்குப் பென்ஷன் இருக்கு (பேங்க் பென்ஷனை அப்டேட் பண்ணச் சொல்லி நாங்க கத்திக்கிட்டே இருக்கோம், அது வேற கதை), பசங்க செட்டில் ஆயாச்சு, கடன் கிடையாது. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு இவனுக்கு என்ன குறைச்சல்னு தோணும். ஆனா முதல் வருஷம் மாதிரி ஒரு வருஷம் என் எதிரிக்கும் வேண்டாம். காலைல எழுந்து ஷேவ் பண்ணிட்டு எதுக்குடா ஷேவ் பண்ணோம்னு உட்காந்திருப்பேன். ஆம்பளைங்களுக்கு ஒரு சிக்கல் என்னன்னா நம்ம ஃப்ரெண்ட்ஸ்னு நினைச்சவன் பூரா ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், சீட்டை விட்டு எந்திரிச்சதும் அவனுங்களும் போயிடுவானுங்க, தெருவுல யாரு எந்த வீட்ல இருக்காங்கன்னுகூட நமக்குத் தெரியாது. என் வீட்டம்மாவுக்கு இந்தத் தெருவுல எல்லார் வீட்டுச் சமையக்கட்டும் தெரியும்.

இன்னொண்ணு சொல்லணும், நான் வீட்ல இருக்க ஆரம்பிச்ச பிறகு என் வீட்டம்மாவுக்கு வேலை கூடிப்போச்சு. முன்னாடி எனக்கு ஒரு டப்பா கட்டிக் குடுத்துட்டா அவங்க மத்தியானம் பழைய சாதமோ, பக்கத்து வீட்ல இருந்து வந்த குழம்போ எதையாவது சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுப்பாங்க. நான் வந்ததும் பதினொரு மணிக்குக் காபி, ஒரு மணிக்குச் சூடா சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி காபி. ஒரு நாள் அவங்களே கேட்டாங்க, "எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்". அப்புறம்தான் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் ஆபீஸ்ல காலைல மட்டும் போய் கணக்குப் பாக்க ஆரம்பிச்சேன். பெரிய காசு இல்ல, ஆனா "சார் வந்துட்டாரா"ன்னு கேக்க அங்க ரெண்டு பேர் இருக்காங்க, அது போதும்.

அதனால உங்கப்பாவை நிறுத்தாதீங்க, ஆனா ஷிஃப்டை மாத்துங்க. சுகர்காரருக்கு வாராவாரம் பகலும் ராத்திரியும் மாறுறது ரொம்பத் தப்பு, சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் தாறுமாறா ஆகும். கால் வீக்கத்தை டாக்டர்கிட்ட காட்டாம விடாதீங்க, அது நின்னுக்கிட்டே இருக்கறதால மட்டும்தான் வருதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது.

தெப்பக்குளத்தான் எழுதியது:

அண்ணே, அந்தக் கல்யாண வீட்டுக்காரய்ங்களா வந்து உங்கப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கப் போறாய்ங்க? விடுங்கண்ணே. அவரு உழைச்சுச் சாப்பிடுறாரு, அதுல என்னண்ணே அசிங்கம். வெட்டியா உக்காந்து சீட்டாடுனா மட்டும் நல்ல பேரு சொல்லிருவாய்ங்களாக்கும்.

தையல்மெஷின் எழுதியது:

தம்பி, நான் திருப்பூருங்க, முப்பது வருசமா இந்தத் தையல்லதான் இருக்கேன், கம்பெனிலயும் இருந்திருக்கேன் இப்ப வீட்லயும் தைக்கறேன். உங்க பதிவை ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு ரெண்டு பாரா, அம்மாவுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலயும் "வீட்லதான் இருக்காங்க"ன்னு போட்டுட்டு அடுத்தாப்புலயே ஜாக்கெட் தச்சுக் குடுப்பாங்கன்னு போட்டிருக்கீங்க. ஜாக்கெட் தைக்கறது வேலை இல்லாம வேற என்னங்க தம்பி? அளவெடுக்கணும், லைனிங் துணி ஊற வெச்சுக் காயப் போடணும், வெட்டணும், தைக்கணும், கொக்கி கட்டணும், கை டைட்டா இருக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்தா பிரிச்சுத் தைக்கணும், இதுக்கு நடுவுல ரெண்டு பேருக்குச் சமையல். உங்கப்பா போறதாச்சும் 12 மணி நேரத்துல முடிஞ்சுரும்.

அப்புறம் ஆறு மாசக் கொழந்தையைப் பாத்துக்கறது ரெஸ்ட்டுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? 57 வயசுல காலைல ஒம்பதுல இருந்து ராத்திரி நீங்க ரெண்டு பேரும் லாக்-அவுட் பண்ற வரைக்கும் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, தவழ ஆரம்பிச்சா பின்னாலயே ஓடி, பாஷை தெரியாத ஊர்ல ஆறாவது மாடில. எங்க தெருவுலயே மூணு பேரு அப்படி மகன் வீட்டுக்கும் மக வீட்டுக்கும் போனாங்க. பேரப்புள்ள மேல ஆசை இல்லாமல்லாம் இல்ல, ஆனா திரும்பி வந்தப்போ ஒருத்தி சொன்னா, "அங்க எனக்குன்னு அஞ்சு ரூவா கையில இல்லக்கா, தலைவலி மாத்திரைக்குக்கூட மருமககிட்ட கேக்கணும், அவ நல்ல புள்ளதான், ஆனா கேக்கணுமில்ல"ன்னு. உங்கம்மா தச்ச காசுல சீட்டுக் கட்டுவாங்க, உங்களுக்குத் தெரியாம இருக்கும், கேட்டுப் பாருங்க.

கூப்பிடாதீங்கன்னு சொல்லல தம்பி. வர்றியான்னு கேளுங்க, வந்து பாத்துக்கன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லாதீங்க. 50 பேரு, அதுக்கு மேல வேலை செய்யற கம்பெனில கிரெச் வசதி, அதான் கொழந்தைங்களைப் பாத்துக்கற எடம், வெக்கணும்னு 2017லயே சட்டத்துல கொண்டாந்துட்டாங்கன்னு எம்பொண்ணு சொன்னா, உங்க சம்சாரத்தோட கம்பெனில அதை மொதல்ல கேட்டுப் பாருங்க.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

மேல அக்கா சொன்னதுக்கு ஒரு நம்பர் தர்றேன். மத்திய அரசு 2024ல எடுத்த டைம் யூஸ் சர்வேல (யாரு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு எடுக்கற கணக்கு), சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் அதுல செலவு பண்றாங்க, அதே வேலையைத் தொடற ஆண்கள் 88 நிமிஷம். 2019 சர்வேல இது 299, 97. அஞ்சு வருஷத்துல ஆம்பளைங்க இன்னும் ஒம்பது நிமிஷம் மிச்சம் புடிச்சிருக்கோம், சாதனைதான்.

இப்ப ஒரிஜினல் கேள்விக்கு வர்றேன். வேலைக்குப் போற முதியவங்க ஆரோக்கியமா இருக்காங்க, மனச்சோர்வு கம்மின்னு நிறைய கட்டுரை வரும், ஆனா அதுல ஒரு பொறி இருக்கு ப்ரோ. ஒடம்பு நல்லா இருக்கறவன்தான் வேலைக்குப் போக முடியும், முடியாதவன் ஏற்கனவே நின்னுருப்பான், அதனால வேலையில இருக்கற கும்பலை மட்டும் பாத்தா அவங்க திடகாத்திரமாத்தான் தெரிவாங்க. வேலை ஆரோக்கியத்தைக் குடுத்துச்சா, ஆரோக்கியம் வேலையைக் குடுத்துச்சான்னு பிரிக்கறதே பெரும்பாடு. நம்ம நாட்டுக்குன்னு லாசின்னு ஒரு பெரிய ஆய்வு இருக்கு, 2017-18ல 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கு மேல எடுத்தாங்க. அதுப்படி 60 தாண்டின ஆம்பளைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு இன்னும் வேலை பாக்கறாங்க, பொம்பளைங்கள்ல அஞ்சுல ஒருத்தர் பக்கம். அந்தப் பாதிப் பேரும் மனசு சந்தோஷத்துக்கா போறாங்க? பெரும்பாலும் விவசாயக் கூலி, சின்னக் கடை, சொந்தக் காடு, பென்ஷன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

வேலையே காரணமான்னு ஓரளவு சுத்தமா பாக்க முடிஞ்ச இடம் இங்கிலாந்து. அங்க பெண்களுக்கு அரசு பென்ஷன் வயசு 60ஆ இருந்துச்சு, 2010ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 2018ல 65 ஆக்கி, 2020ல 66 ஆக்கினாங்க. அதாவது ஒரே மாதிரி ரெண்டு பெண்கள், பொறந்த தேதி கொஞ்சம் தள்ளிப் போனதால மட்டும் ஒருத்தர் கூடுதலா வேலை பாக்க வேண்டி வந்துச்சு. அப்படி ஒப்பிட்டுப் பாத்தப்போ, கீழ்மட்ட வேலையில, கஷ்டமான வேலையில இருந்த பெண்களுக்குத்தான் மனச்சோர்வு கூடியிருந்துச்சு, நல்ல பதவியில இருந்தவங்களுக்கு அப்படித் தெரியல. அதனால "வேலை நல்லதா"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா பதில் வராது ப்ரோ. என்ன வேலை, யாரு கையில கட்டுப்பாடு, வேண்டாம்னா நிறுத்த முடியுமா, இது மூணும் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். உங்கப்பாவால நிறுத்த முடியும், அதனாலதான் அவருக்கு அது இனிக்குது.

வியாசர்பாடி_பொண்ணு எழுதியது:

கடைசியா ஒருத்தர் கரெக்டா சொன்னாரு. மேல எல்லாம் வேலை செஞ்சா மனசு நல்லாருக்கும்னு படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மாவுக்கு 64. நாலு வூட்ல வேலை செய்றாங்க, பாத்திரம், துணி, மாப்பு. முட்டி தேஞ்சு போச்சுன்னு ஜி.எச்.ல சொல்லிட்டாங்க, படி ஏறக் கூடாதாம், ஆனா நாலுல மூணு வூடு மாடிதான், ஒண்ணுல லிஃப்ட் இருக்கு ஆனா வேலைக்காரங்க ஏறக் கூடாது. எங்கப்பா இல்ல, அண்ணன் ஆட்டோ ஓட்டுறான், அவன் பொழப்பே அவனுக்குப் பத்தல. ஓ.ஏ.பி.க்கு, அதான் முதியோர் பென்ஷனுக்கு, எழுதிப் போட்டோம், 2023ல இருந்து 1200 ரூபா தர்றாங்க இல்ல அது, பையன் இருக்கான்னு சொல்லித் திருப்பிட்டாங்க. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருது, அது கேஸுக்கும் கரண்டுக்கும் சரியா போச்சு.

அம்மாகிட்ட போய் உனக்கு வேலைக்குப் போறது புடிக்குதான்னு கேட்டா சிரிப்பாங்க. புடிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மூணாவது வூட்ல ஒரு பாட்டிம்மா இருக்காங்க, அவங்க எங்கம்மாவை உக்கார வெச்சு டீ குடுத்துப் பேசுவாங்க, அந்த வூட்டுக்கு மட்டும் லீவே போட மாட்டாங்க. மத்த மூணு வூட்டையும் நாளைக்கே வுட்றலாம்னு இருக்காங்க, குழுக் கடன் முடியட்டும்னு ஓட்டிக்கினு இருக்காங்க. ஆம்பளைங்க ரிட்டையர் ஆனா ஒரு ஷாலு, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்புவாங்களே, எங்கம்மா மாதிரி இருக்கறவங்க வேலையை வுட்டா அடுத்த நாள் வேற ஆள் வந்து நிக்கும் அவ்ளோதான்.

கீரனூர்க்காரன் எழுதியது:

புதுக்கோட்டை பக்கம் எங்க அப்பத்தா 100 நாள் வேலைக்குப் போகும், எழுபது தாண்டிருச்சு. எங்க ஊர்ல அந்த வேலைக்கு வர்றது பூரா பொம்பளையாளுகதான், அதுலயும் பாதி வயசானவுக. சரக்கு மாஸ்டரா இருக்கற எங்க சித்தப்பா "ஆத்தா நீ போக வேணாம், நான் தாரேன்"னு சொல்லிப் பாத்துட்டாரு, கேக்காது. 2024-25ல ஒரு நாளைக்கு 319 ரூபான்னு அறிவிச்சாக, அளவெடுத்து கையில வர்றது அதுக்கும் கீழதான், அதுவும் எப்ப பேங்க்ல விழும்னு தெரியாது. ஆனா காசு விழுந்த அன்னைக்கு அப்பத்தா நடையே வேற மாதிரி இருக்கும். பேத்திக்குக் கொலுசு, மாரியம்மனுக்கு மாவிளக்கு, மொய் அம்பது எழுதற எடத்துல நூறு. தாத்தா இருந்த காலத்துல நெல்லு வித்த காசை அது கண்ணுல பாத்ததே இல்லையாம், களை எடுத்தது நாத்து நட்டதெல்லாம் அதுதான். 65க்கு மேல போய்த்தான் அதும்பேர்ல ஒரு பாஸ்புக்கே வந்துச்சு. கம்மாக்கரையில மரத்தடியில உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசுற பேச்சு அதுக்கு மேல. அதை நிறுத்துனா அப்பத்தா படுத்துரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

அதே வேலையில வெயில்ல மயங்கி விழுந்த ஆயாவும் எங்க ஊர்ல உண்டு, அதையும் சொல்லிர்றேன்.

பீளமேட்டுப்பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. வார கடைசில ஊருக்குப் போயிருந்தேன், ரெண்டு பேருகிட்டயும் பேசினேன்.

அம்மா மொதல்ல "நீ சொன்னா வர்றேன்பா"ன்னுதான் சொன்னாங்க. சீட்டு கட்டறீங்களாம்மான்னு கேட்டேன், திருப்பூர் அக்கா சொன்னது அப்படியே, ரெண்டு சீட்டு போகுதுங்க, ஒண்ணு பாப்பாவுக்குக் கம்மல் எடுக்க. அப்புறம்தான் மெதுவா வாயைத் தொறந்தாங்க, ஆவணி முகூர்த்தத்துக்கு இப்பவே ஆர்டர் வந்திருக்காம், ஆரி வொர்க் (ஜாக்கெட்ல போடற எம்பிராய்டரி) பண்ற பொண்ணு ஒண்ணைக் கூட சேத்துக்கிட்டு கல்யாண ஜாக்கெட் எடுக்கலாம்னு பேசி வெச்சிருக்காங்க, இப்ப விட்டுட்டுப் போனா கஸ்டமர் பூரா அடுத்த தெருவுல இருக்கற கடைக்குப் போயிருவாங்களாம். இது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, "ஆரி வொர்க்கா?"ன்னு அவரு கேட்டதுதான் வேடிக்கை. ரெண்டு மாசம் வந்து இருக்கறேன், மெஷினை எடுத்துட்டு வர முடிஞ்சா இன்னும் ஒரு மாசம் சேத்து இருக்கறேன்னு சொல்லிருக்காங்க. வொய்ஃப் ஆபீஸ்ல கிரெச் பத்தி விசாரிச்சிருக்கா, பக்கத்து டே கேர்ல டை-அப் இருக்குதாம், காசு கொஞ்சம் கட்டணும். என் மாமியார் ஒரு மாசம் வர்றேன்னு சொல்லிருக்காங்க, அவங்களுக்கும் இதே கேள்வியைக் கேக்கணும்னு நெனைக்கறேன், டீச்சரா இருந்து போன வருசம்தான் ரிட்டையர் ஆனாங்க.

அப்பா விடவே மாட்டேங்கறாருங்க. நைட்டை மட்டும் விடறேன், சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கேன்னு சொல்றாரு, அவன் சம்பளத்துல ஆயிரத்தைக் கொறைப்பானாம். கால் வீக்கத்துக்கு டாக்டர்கிட்ட போலாம்னா எதுக்குத் தண்டச் செலவுங்கறாரு. ஒரு சந்தேகம், சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான மருத்துவ இன்சூரன்ஸ்) புடிக்கறாங்க, 60க்கு மேல அது செல்லுமா?

ஸ்ரீரங்கம்_ரிட்டையர்டு எழுதியது:

செல்லும் தம்பி. இ.எஸ்.ஐ.க்கு வயசு வரம்பு கிடையாது, சம்பளம் 21,000க்குள்ள இருந்தா போதும், அவர் பங்கு 0.75 சதவீதம் புடிப்பாங்க. உங்கம்மாவுக்கும் சேத்துத்தான் வைத்தியம், குடும்பத்துல பேரு ஏறியிருக்கான்னு பாத்துக்கங்க. சிங்காநல்லூர்ல பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கே, தண்டச் செலவுன்னு அவர் சொல்லவே முடியாது. மில்லுல இருந்தப்போ அஞ்சு வருஷத்துக்கு மேல இ.எஸ்.ஐ. கட்டி அப்படியே ரிட்டையர் ஆகியிருந்தா, வேலையை விட்டப்புறமும் வருஷத்துக்கு 120 ரூபா கட்டி ரெண்டு பேரும் தொடர்ந்து பாத்துக்கலாம், அந்தப் பழைய இன்சூரன்ஸ் நம்பரை எடுத்து வைங்க.

இன்னொண்ணையும் செக் பண்ணுங்க. 58 தாண்டினவருக்குப் பி.எஃப்.ல பென்ஷன் பங்குன்னு தனியா 8.33 சதவீதம் ஒதுக்கக் கூடாது, கம்பெனி போடறது முழுசும் பி.எஃப். கணக்குலயே விழணும். சில ஏஜென்சில பழக்க தோஷத்துல பென்ஷன் பக்கம் தள்ளி விட்டுடுவாங்க, அப்புறம் பணத்தை எடுக்கும்போது இழுத்தடிக்கும். பாஸ்புக்கை ஆன்லைன்ல பாத்தா தெரிஞ்சுடும்.

தையல்மெஷின் எழுதியது:

தம்பி, அம்மா மெஷினு காலு மிதிக்கறதா, மோட்டாரா? மோட்டார் மெஷினா இருந்தா தலையை மட்டும் கழட்டித் துணில சுத்தி டிக்கில போட்டுட்டு வந்தரலாம், ஸ்டேண்டு பெங்களூர்ல செகண்ட் ஹேண்டுல கெடைக்கும். காஜா எடுக்கற அட்டாச்மென்ட்டை மறந்துராம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.